சால்ட் பாண்டில் யாரும் கூலி வாங்கவில்லை

செயின்ட் ஹிலரி தீவு
பிப்ரவரி 4, 2013

அன்புள்ள ராலின் அண்ணாவுக்கு,

நீயும் டெல்சி அண்ணியும் நலம்தானே என்று கேட்க வேண்டியதில்லை. நேற்று சர்ச்சில் உனக்குப் பின்வரிசையில்தான் உட்கார்ந்திருந்தேன். முடி வெட்டிக்கொள்.

கூப்பிடு தூரத்தில் இருக்கும் அண்ணனுக்கு ஸ்டாம்ப் ஒட்டிக் கடிதம் எழுதுகிறாளே, இவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டதா என்று நீ கேட்பது காதில் விழுகிறது. காரணம் சொல்கிறேன். போன வெள்ளிக்கிழமை கவர்னர் என்னைத் தலைமைத் தணிக்கையாளராக நியமித்தார். நீ இந்தத் தீவின் நிதிச் செயலர். கஜானா சாவி உன் இடுப்பில். அதை நீ எப்படித் திறந்தாய், எப்படி மூடினாய் என்று பார்ப்பது என் வேலை. நேற்று சர்ச் வாசலில் அத்தனை பேர் முன்னால் என் முதுகில் தட்டி, "இனிமே எனக்கென்னய்யா கவல? கணக்குப் பாக்குறது என் தங்கச்சியில்ல!" என்றாய். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அதனால் சில முடிவுகள் எடுத்திருக்கிறேன். என் அலுவலகத்தை உன் பிடியிலிருந்து பிரிக்கும் தணிக்கைச் சட்டம் நிறைவேறும் வரை உன் வீட்டு வாசல்படி மிதிக்க மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை விருந்தும் கிடையாது. போனும் வேண்டாம், இந்தத் தீவில் போனில் பேசினால் நடுவில் இன்னும் இரண்டு பேர் மூச்சு விடுவது கேட்கும். மின்னஞ்சலா? என் அலுவலகத்தின் மின்னஞ்சலை நடத்துவதே உன் அமைச்சகத்துக் கம்ப்யூட்டர் பிரிவு. உன் கணக்கைப் பற்றி நான் எழுதுவதை உன் அலுவலகப் பையன்கள் உனக்கு முன்னால் படித்துவிடுவார்கள். ஆகவே காகிதம்தான்.

மின்னஞ்சல் மட்டுமா உன் கையில் இருக்கிறது? என் ஆட்களின் சம்பளம், நாற்காலி, பிரிண்டர் மை எல்லாம் நீ பார்த்துக் கொடுப்பதுதான். அறிக்கை எழுதினால் அதன் முதல் பிரதி உன் அமைச்சகத்துக்குப் போகிறது, பல் பிடுங்கப்பட்டுத் திரும்பி வருகிறது. வேலியைக் கட்டிக் கொடுப்பதே ஆடு என்றால் பயிரின் கதி என்ன?

நான் கேட்பது புதிதல்ல. என் அலுவலகத்துச் செலவைச் சட்டசபையின் பொதுக் கணக்குக் குழு முடிவு செய்யட்டும். அறிக்கை நேராகச் சட்டசபைக்குப் போகட்டும். விசாரணை வானொலியில் ஒலிபரப்பாகட்டும், ஊரே கேட்கட்டும். மசோதா எழுதி முடித்து உன் மேசை இழுப்பறையில் தூங்குகிறது. அதை எழுப்பு.

இத்தனை நாளும் நம்மை ஆளும் லண்டனிலிருந்து யாராவது கணக்குப் பார்க்க வருவார்கள், கடற்கரை ஹோட்டலில் ஒரு வாரம் தங்குவார்கள், இந்தத் தீவுக்காரர்களுக்குத் தங்கள் பணத்தைத் தாங்களே பார்த்துக்கொள்ளத் தெரியாது என்று எழுதிவிட்டுப் போவார்கள். எனக்கு அலுத்துவிட்டது. நம்மால் முடியும். அவர்களைவிட நன்றாகவே முடியும்.

உன் தங்கை,
இஸ்மே


பிப்ரவரி 11

அன்புத் தங்கை இஸ்மேவுக்கு,

முடி வெட்டியாகிவிட்டது. திருப்தியா?

உன் கடிதத்தை என் கையில் கொடுப்பதற்குள் போஸ்ட் ஆபீஸ் ஆர்லீன் என்ன பாடு படுத்தினாள் தெரியுமா? "ஏன் ராலின், உங்க வீட்டு மாடில ஏறி நின்னு கத்துனா உன் தங்கச்சிக்குக் கேக்கும். இதுக்கு ஒரு ஸ்டாம்பா? என்ன, சொத்துத் தகராறா?" என்றாள். இல்லை, சட்டத் தகராறு என்றேன். "ரெண்டும் ஒண்ணுதான்" என்றாள். மதியத்துக்குள் தீவு முழுக்க நமக்குள் சொத்துச் சண்டை. நமக்கு அப்பா வைத்துவிட்டுப் போனது ஒரு படகும் அதன் ஓட்டையும்தான் என்பது யாருக்கும் நினைவில்லை.

டெல்சிக்குத்தான் வருத்தம். நேற்றுப் பச்சைத் துவரைச் சோறும் சங்குக் கறியும் செய்திருந்தாள். வழக்கம்போல உன் தட்டையும் எடுத்து வைத்துவிட்டாள். பிறகு, "அவளுக்குப் பதவி பெருசாப் போச்சு" என்று முணுமுணுத்துக்கொண்டே உள்ளே கொண்டுபோனாள். உன் பங்கையும் நான்தான் சாப்பிட்டேன்.

மசோதா விஷயம். நான் எதிரியில்லை, இஸ்மே. ஆனால் சட்டசபையில் பாதிப் பேருக்குத் தணிக்கை என்றாலே பயம். அவர்களுக்கு முதலில் ஒரு நல்ல அறிக்கையைக் காட்டு. ஒரு கணக்கை எடு, அலசு, சுத்தமாக இருக்கிறது என்று எழுது. "அட, தணிக்கை என்றால் தலையை வெட்டுவது இல்லைபோல" என்று அவர்களுக்குத் தைரியம் வரும். அடுத்த வாரமே மசோதாவை நான் கொண்டுவந்துவிடுகிறேன்.

எந்தக் கணக்கு என்று கேட்டால் சால்ட் பாண்ட் ஊர்ப் புயல் பாதுகாப்பு மையத்தைச் சொல்வேன். போன புயலுக்குப் பிறகு லண்டன் பணத்தில் கட்டியது. நானே பக்கத்தில் நின்று பார்த்தது. சொன்ன தேதிக்கு முன்னால் முடிந்தது, சொன்ன தொகைக்குள் முடிந்தது. என் உத்தியோகத்தில் நான் பெருமைப்படும் ஒரு வேலை உண்டென்றால் அதுதான். ஒரு ஆணி குறையாது. போய்ப் பார்.

அன்புடன்,
ராலின்


மார்ச் 6

அன்புள்ள அண்ணா,

உன் யோசனை நன்றாகத்தான் இருந்தது. சால்ட் பாண்ட் கணக்கை எடுத்தேன். கெட்டுராவிடம் கொடுத்தேன். என்னிடம் புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண். சந்தேகம் வந்தால் தூங்க மாட்டாள், என்னையும் தூங்க விடமாட்டாள்.

சிமென்ட் சரி. மரம் சரி. தகரம் சரி. ஆணி குறையவில்லை, நீ சொன்னதுபோல. நேற்றுக் காலை அவள் கூலிக் கணக்கைக் கொண்டுவந்து மேசையில் வைத்து, "மேடம், எல்லாம் கூட்டினா சரியா வருது. கையெழுத்துப் போட்டுடலாம்" என்றாள். நான் பேனாவை எடுத்தேன். எடுத்த கையோடு தேதிகளைப் பார்த்தேன். கூரை போட்ட சனிக்கிழமைகள்.

அண்ணா, அந்தச் சனிக்கிழமைகளில் நான் அங்கே இருந்தேன். ஊர்க்கூட்டு வேலை அது. நம் ஊரில் யார் வீட்டுக் கூரை போனாலும் ஆணும் பெண்ணுமாகச் சேர்ந்து போய்ப் போட்டுக் கொடுத்து, சாப்பிட்டுவிட்டு வருவோமே, அதேபோலத்தான் அந்த மையத்துக்கும் சால்ட் பாண்ட் ஊரே வந்தது. நானும் அண்ணியும் ஆட்டுச் சாறு வைத்தோம். நான் உப்பை இரண்டு தரம் போட்டுவிட்டேன் என்று வெண்டல் தச்சர் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார். அங்கே யாரும் கூலி வாங்கவில்லை. கூலி என்ற பேச்சையே யாராவது எடுத்திருந்தால் அடித்து விரட்டியிருப்பார்கள்.

ஆனால் கணக்கில் எல்லார் பெயரும் இருக்கிறது, ஒப்பந்தக்காரர் ஆஸ்பர்ட் கூலி கொடுத்ததாக. வெண்டல் பெயர் இருக்கிறது. அதற்குப் பிறகு இறந்துபோன பீபி அக்காவின் பெயர்கூட இருக்கிறது. அவள் அன்றைக்குச் சுண்ணாம்பு குழைத்தாள். கீழே சரிபார்த்ததாக உன் கையெழுத்து.

கெட்டுராவுக்கு ஊர் தலைநகரம். அவளுக்கு இது தெரிய வழியில்லை. லண்டனிலிருந்து வந்தவர்களுக்கும் தெரிந்திருக்காது. காகிதத்தில் ஒரு குறையும் இல்லை. எனக்கு மட்டும்தான் தெரியும், அதுவும் அங்கே நின்று கரண்டி பிடித்ததால்.

தலைமைத் தணிக்கையாளராகக் கேட்கிறேன்: இது என்ன? தங்கையாகவும் கேட்கிறேன்: இது என்ன அண்ணா?

இஸ்மே


மார்ச் 9

இஸ்மே,

உன் கடிதத்தை நின்றபடியே படித்தேன். உட்கார்ந்து எழுதுகிறேன், ஆனால் கோபம் இன்னும் நின்றுகொண்டுதான் இருக்கிறது.

இது என்ன என்றா கேட்கிறாய்? சொல்கிறேன். லண்டன் அனுப்பும் படிவத்தில் கூலி என்று ஓர் இடம் உண்டு. ஊரே வந்து சும்மா செய்து கொடுத்தது என்று எழுத இடம் இல்லை. அந்த இடத்தைக் காலியாக விட்டால் அந்தப் பணத்தைத் திருப்பி வாங்கிக்கொள்வார்கள். அதுமட்டுமா, அடுத்த முறை, "போன தடவை கூலியே இல்லாமல் கட்டினீர்களே" என்று அதிலும் குறைப்பார்கள். நம் ஜனங்களின் நல்ல மனசுக்கு லண்டன் அபராதம் போடும். அதை நான் விடுவேனா? ஆஸ்பர்ட்டைக் கூப்பிட்டுப் பெயர்களை எழுதச் சொன்னேன். அந்தப் பணத்தில் மருத்துவமனைக்கு ஜெனரேட்டர் வாங்கினோம். அதற்கு முன்னால் மூன்று வருடம் லண்டனிடம் கேட்டு, இந்த வருடம் இல்லை, இந்த வருடம் இல்லை என்று பதில் வாங்கியிருந்த ஜெனரேட்டர். சிறுநீரகக் கோளாறுக்காரர்கள் மின்சாரம் போனால் பிழைப்பதே அதை நம்பித்தான். உன் பக்கத்து வீட்டு மாடில்டாவையே கேட்டுப் பார்.

என் பைக்கு ஒரு செப்புக்காசு வரவில்லை. ஆஸ்பர்ட்டும் தொடவில்லை. திருடியவனிடம் கேட்கிற தொனியில் என்னிடம் கேட்காதே.

இன்னொன்று. நீயும் அங்கே இருந்தாய். நீயும் அந்தச் சாற்றைக் குடித்தாய். இப்போது மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு புதிதாகப் பார்ப்பதுபோல் பார்க்கிறாய்.

உன் அலுவலகத்துக்கு இன்னும் இரண்டு ஆட்கள் கேட்டிருந்தாய். பட்ஜெட் இந்த வாரம்தான் என் மேசையில் இருக்கிறது. அதையும் இதையும் நான் சேர்த்துப் பேசவில்லை.

ராலின்


மார்ச் 15

அன்புள்ள அண்ணா,

அன்புள்ள என்று சும்மா எழுதவில்லை. அழுதுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

உன் கடைசி இரண்டு வரியிலிருந்து தொடங்குகிறேன். சேர்த்துப் பேசவில்லை என்று சொல்வதற்காகவே இரண்டையும் ஒரே பத்தியில் எழுதியிருக்கிறாய். இந்தத் தீவில் உன்னைவிட நாணயமான மனிதனை எனக்குத் தெரியாது. நீயே கோபம் வந்ததும் என் இரண்டு ஆட்களைத் தூக்கித் தராசில் வைக்கிறாய் என்றால், நாளைக்கு உன் நாற்காலியில் ஒரு கயவன் உட்கார்ந்தால் என்ன செய்வான்? மசோதாவுக்கு இதைவிட நல்ல வக்கீல் கிடைக்க மாட்டான். அந்தக் கடிதத்தை நான் யாருக்கும் காட்டப் போவதில்லை. அந்தப் பத்தியின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன், நீயே ஒருமுறை படித்துப் பார், போதும்.

ஜெனரேட்டரைக் கெட்டுரா போய்ப் பார்த்தாள். இருக்கிறது, ஓடுகிறது, வாங்கிய விலையும் சரியாக இருக்கிறது. மாடில்டாவையும் கேட்டேன். "உங்க அண்ணன் நல்லாயிருக்கணும்" என்றாள். நீ திருடவில்லை. அறிக்கையின் முதல் வரியிலேயே அது இருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

ஆனால் ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது திருடனுக்குச் சொன்னதில்லை, நல்லவனுக்குச் சொன்னது. நீ திறந்த வழி நீ போன பிறகும் திறந்துதான் இருக்கும். அடுத்தவன் இதே வழியில் பெயர் எழுதுவான். அந்த முறை ஜெனரேட்டர் இருக்காது.

நானும் அங்கே இருந்தேன், நானும் குடித்தேன் என்றாய். மெத்தச் சரி. அது எனக்கு உறைத்தது. இரண்டு நாள் யோசித்தேன். அன்று கரண்டி பிடித்தவள் இன்று தராசு பிடிக்கக் கூடாது. அதனால் இந்தக் கணக்கை என் கையிலிருந்து இறக்கிவிட்டேன். தெற்கே பக்கத்துத் தீவின் தலைமைத் தணிக்கையாளர் யூலாலி பென் அம்மாவுக்கு எழுதினேன். அவரும் நம்மைப்போல ஒரு குட்டித் தீவுக்காரர்தான். அங்கேயும் எல்லாரும் எல்லாருக்கும் உறவு. ஊர்க்கூட்டு என்றால் என்ன என்று அவருக்கு விளக்க வேண்டாம், ஆனால் நம் ஊரில் அவருக்கு அண்ணனும் இல்லை, தம்பியும் இல்லை. வருகிறேன் என்று சொல்லிவிட்டார். பதிலுக்கு அவருடைய மைத்துனர் நடத்தும் துறைமுகத்தின் கணக்கை நான் போய்ப் பார்க்க வேண்டுமாம். ஒப்புக்கொண்டேன். நான் இதில் வெறும் சாட்சி. கூப்பிட்டால் வருவேன், கேட்டால் சொல்வேன்.

ஊர் சும்மா இருக்குமா? நேற்று மாவு வாங்கப் போனேன். ரொட்டிக் கடை ஐவி என் காதில் விழட்டும் என்றே, "அண்ணன் சோத்துல மண்ணப் போட்டுட்டு என்னத்த பெரிய பதவி" என்றாள். வெண்டல் தச்சர் அங்கே நின்றிருந்தார். அவருக்கு அப்போதுதான் விஷயம் தெரியும்போல. "இரு ஐவி, இரு. எனக்குக் கூலி குடுத்தாங்களாமே? அத வாங்குன வெண்டல் யாருய்யா? அவன நான் பாக்கணும்!" என்றார். கடையே சிரித்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை. மாவை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது. சட்டத்தைப் பற்றி இல்லை, அது நடக்கும். உன்னைப் பற்றித்தான்.

உன் தங்கை,
இஸ்மே


மார்ச் 20

தலைமைத் தணிக்கையாளர் அவர்களுக்கு,

மார்ச் 15 தேதியிட்ட தங்கள் கடிதம் கிடைத்தது. கேட்கப்பட்ட அனைத்து ஆவணங்களும் திருமதி பென் அவர்களிடம் ஒப்படைக்கப்படும். பொதுக் கணக்குக் குழு அழைக்கும் நாளில் ஆஜராவேன்.

ஆர். எம். கார்ட்டி
நிதிச் செயலர்


மே 13

இஸ்மே,

போன கடிதத்தில் உன்னைத் தங்கள் என்று எழுதினேன். எழுதும்போது ஒரு குரூரமான சந்தோஷம் இருந்தது. தபாலில் போட்டதும் போய்விட்டது. ஆனாலும் இத்தனை நாளும் நான் எழுதவில்லை, நீயும் எழுதவில்லை. ஆர்லீன் தினமும் என் பெட்டியைத் திறந்து காட்டி, "ஒண்ணுமில்ல ராலின், காத்துதான் இருக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை விசாரணையில் நீ சாட்சி சொல்லிவிட்டு நேராக வெளியே போய்விட்டாய். சட்டம் வருமுன்பே குழு வானொலிக்கு இடம் கொடுத்துவிட்டதால், அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரிந்திருக்கும். தெரியாததையும் சேர்த்து முதலிலிருந்து எழுதுகிறேன்.

அந்தப் பென் அம்மா சாமானியப்பட்டவள் இல்லை. என்னைப் பார்த்து, "படிவத்துல இடமில்லன்னா பக்கத்துல ஒரு கடுதாசி எழுதி வச்சிருக்கலாமே, ஏன் வைக்கல?" என்று கேட்டாள். பதில் என்னிடம் தயாராக இருந்தது. லண்டன், அபராதம், சிறுநீரகக் கோளாறுக்காரர்கள் எல்லாம் வரிசையாக வைத்திருந்தேன். அதில் ஒன்றையும் நான் எடுக்கவில்லை. ஏனென்றால் எழுதியிருக்கலாம். லண்டன் மறுத்திருக்கும், நான் சண்டை போட்டிருக்கலாம். சண்டை போட எனக்கு அலுப்பு. பொய் எழுதுவது சுலபமாக இருந்தது. அதைத்தான் சொன்னேன். தீவு முழுக்கக் கேட்டது.

பிறகு உன்னைக் கூப்பிட்டாள். "அங்க யாராவது கூலி வாங்குனதப் பாத்தீங்களா?" என்று கேட்டாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ, "இல்லம்மா. யாரும் வாங்கல. எங்கண்ணன் காலைலேர்ந்து கூரை மேல நின்னு ஆணி அடிச்சிக்கிட்டு இருந்தான். அவனும் வாங்கல" என்றாய்.

அந்த வார்த்தையோடு என் உத்தியோகம் போயிற்று. கூரை மேல் நின்றவனுக்குக் கீழே யாரும் கூலி வாங்கவில்லை என்று தெரியாமலா இருக்கும்? ஆஸ்பர்ட்டைக் காப்பாற்றப் பழியைத் தன் மேல் போட்டுக்கொள்கிறான் என்று நினைத்தவர்களுக்கும், தெரிந்தேதான் கையெழுத்துப் போட்டான் என்று விளங்கிவிட்டது. அன்று சாயங்காலமே கவர்னர் கூப்பிட்டார், கண்ணியமாகத்தான் பேசினார், ராஜினாமாவை வாங்கிக்கொண்டார். அந்தப் பணத்தை லண்டன் திருப்பிக் கேட்கும், தவணையில் கொடுப்போம். ஜெனரேட்டர் நம்முடையதாகிவிடும். அதில் எனக்கு வருத்தம் இல்லை.

ஆனால் இஸ்மே, இருபத்தாறு வருடம் கோட்டு மாட்டிக்கொண்டு அந்தக் கட்டடத்துக்குப் போனேன். ராலின் கார்ட்டி மற்றவர்களோடு சேர்ந்து கூரை மேல் ஏறினான் என்று ஒரு மனிதன் பொதுவில் சொன்னதில்லை. கூலிக் கணக்கில் எல்லார் பெயரையும் எழுத வைத்த நான் என் பெயரை எழுதவில்லை, எழுதவும் முடியாது. நீ எழுதிவிட்டாய், ஊரறிய. என்னைக் கவிழ்த்ததும் அந்த வார்த்தை, தூக்கி வைத்ததும் அந்த வார்த்தை. அதை என்ன செய்வதென்று எனக்கு இன்னும் தெரியவில்லை. விசாரணைக் கூடத்துக் கழிப்பறையில் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

வெளியே வந்தால் வெண்டல். அடிக்கப் போகிறார் என்றே நினைத்தேன். "ஜெனரேட்டருக்கு வேணும், உம் பேரக் குடுய்யான்னு கேட்டிருந்தா குடுத்திருப்பேன்டா. ஊரே குடுத்திருக்கும். கேக்காம எடுத்தியே" என்றார். பென் அம்மா கேட்ட அத்தனை கேள்விக்கும் மேலே அது. மன்னிப்புக் கேட்டேன். "சரி, போ" என்றார், அவ்வளவுதான்.

இப்போது மசோதா. அது வியாழக்கிழமையே, விசாரணைக்கு முந்தின நாள், சட்டசபைக்குப் போய்விட்டது. நிதிச் செயலராக நான் கடைசியாகக் கையெழுத்துப் போட்டது அதில்தான். என் பத்தியை நீ சொன்னபடி திரும்பப் படித்தேன். சேர்த்துப் பேசவில்லை என்று எழுதியவன் இந்த மசோதாவை இழுப்பறையில் வைத்திருக்க லாயக்கற்றவன் என்று பட்டது. இன்று காலை ஒருமனதாக நிறைவேறியது. உன் இரண்டு ஆட்களும் கிடைப்பார்கள், கம்ப்யூட்டரும் உனக்கே தனியாக. இனி என் நாற்காலியில் யார் வந்தாலும், நல்லவனோ கெட்டவனோ, உன் மேல் கை வைக்க முடியாது. யாருக்கும் நன்றி சொல்லாதே. குறிப்பாக எனக்குச் சொல்லாதே.

டெல்சி உன் மேல் கோபமாக இல்லை. கேட்டால், "அவ சொன்னது நெசந்தானே" என்கிறாள். அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருக்கிறது.

நான் கோபமாக இருக்கிறேன். நீ செய்தது சரி என்று தெரிந்தும் கோபமாக இருக்கிறேன். இந்த மாதம் முடிகிற வரை அப்படியே இருப்பதாக முடிவு செய்திருக்கிறேன். அதுவரை என் வாசலுக்கு வராதே, வழியில் பார்த்தால் பேசாதே. ஜூன் முதல் ஞாயிறு வா. என் கோபம் என் சொந்தக் காசு. அதை மட்டும் நீ தணிக்கை செய்ய முடியாது.

உன் அண்ணன்,
ராலின்